சொல்லிவிட்டுப் போன மாமாவுக்கு

மாமா,

நேற்று சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தேன். என் சின்ன மகள் கல்யாணத்துக்கு மளிகை எடுக்க வேண்டியிருந்தது. மண்டி வாசலில் லாரியிலிருந்து மஞ்சள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு மூட்டை தையல் விட்டுக் கொட்டிப்போய், அந்தச் சந்து முழுக்க மஞ்சள் வாசம். ஆட்டோக்காரன் ஆரன் அடிக்கிறான், கடைக்காரர் "துவரம்பருப்பு எந்த ரகம்ங்க போடறது?" என்று கேட்கிறார். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றுவிட்டேன். உங்கள் சட்டைக் காலர் ஞாபகம் வந்துவிட்டது.

ஓட்டுக் கேட்டுப் போகிறவனுக்கு அதுதான் அடையாளம். தெருவுக்குத் தெரு ஆரத்தி எடுத்து நெற்றியில் மஞ்சளை அப்பி அப்பி, வேர்வையில் அது வழிந்து, காலர் மஞ்சளாகிவிடும். நாம் இருவரும் எதிரெதிராக நின்ற அந்தக் கோடையில் உங்கள் காலரும் மஞ்சள், என் காலரும் மஞ்சள். திருச்செங்கோட்டில் ஒரு டீக்கடை முன்னால் இரண்டு பேர் ஜீப்பும் மூஞ்சிக்கு மூஞ்சி நின்றபோது, இரண்டு கட்சிக்காரர்களும் போட்டிபோட்டுக் கோஷம் போட, நீங்கள் என்னைப் பார்த்துக் காலரைத் தொட்டுக் காட்டிக் கேட்டீர்கள்: "ஏன் மாப்ள, உங்க ஊட்லயும் தொவச்சா இது போகமாட்டேங்குதா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பக்கத்தில் நின்ற ஒன்றியச் செயலாளர் என்னை முறைத்தார்.

முறைக்கு நீங்கள் மாமன். என் அம்மாவுக்குத் தம்பி முறை. கட்சி வேறானாலும் முறை மாறுமா? ஆனால் குணத்தில் நாம் ஒட்டவே ஒட்டாத ஆட்கள். நான் போர்வெல் ரிக் வண்டி ஓட்டி முன்னுக்கு வந்தவன். போர் போடுகிற சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிப் பழகியவன், மேடையிலும் அப்படியே கத்துவேன். நீங்கள் குச்சிக்கிழங்குக் காட்டுக்காரர். மரவள்ளி விதைகுச்சி நட்டுவிட்டு வருஷம் முழுக்கக் காத்திருக்கிற பொறுமை உங்கள் பேச்சிலும் இருந்தது. கேட்கிறவனுக்குத் தூக்கம் வந்துவிடும் மாமா, உண்மையைச் சொல்கிறேன்.

வார்டு உறுப்பினராக ஆரம்பித்து, பேரூராட்சித் தலைவராகி, ஒரு தடவை எம்.எல்.ஏ.வாகவும் ஆனீர்கள். அப்போது இரண்டு ஊர்க்காரர்கள் பஸ் நிறுத்தம் தங்கள் ஊருக்குத்தான் என்று அடித்துக்கொண்டார்கள். நீங்கள் அளந்து பார்த்து, இரண்டு ஊருக்கும் நட்டநடுவே, ஒரு மரம்கூட இல்லாத பொட்டலில் நிறுத்தத்தை வைத்தீர்கள். இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து வந்து உங்களைத் திட்டித் தீர்த்தார்கள். நான் அதை மேடை மேடையாகச் சொல்லிக் கிண்டல் பண்ணினேன். நீங்கள் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "ரெண்டு ஊரும் சேந்து செஞ்ச மொதக் காரியம் அதுதான் மாப்ள, என்னைத் திட்டுனது. எனக்கு அதுல ரொம்ப சந்தோசம்" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டீர்கள். இந்த மனுஷனை என்ன பண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு டெல்லி ஆசை எப்படி வந்தது என்று இன்றைக்கும் புரியவில்லை. முதல் தடவை எம்.பி. தேர்தலில் நின்றீர்கள், தோற்றீர்கள். இரண்டாம் தடவை உங்களை எதிர்த்து என்னை நிறுத்தினார்கள். சத்தம் போடுகிற ஆள் வேண்டும் என்று என் கட்சி நினைத்தது. நான் சங்ககிரியில் உங்களை வாங்கு வாங்கென்று வாங்குவேன். மறுநாள் அதே இடத்தில் நீங்கள் மைக்கைப் பிடித்து, "எதுத்து நிக்கறவரும் நல்லவருதானுங்க. கொஞ்சம் கோவக்காரரு. அவ்வளவுதானுங்க" என்பீர்கள். உங்கள் ஆட்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

உங்களிடம் ஓட்டு இருந்தது என்றால் அது வாசல்படியில் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் ஓட்டுக் கேட்டதும் விறுவிறுவென்று அடுத்த வீட்டுக்கு நடக்கமாட்டீர்கள். கையெடுத்துக் கும்பிட்டு, "போயிட்டு வாரேனுங்க, மறந்துறாதீங்க" என்று சொல்லி, அந்த வீட்டுக்காரர் "செரிங்க, போயிட்டு வாங்க" என்கிறவரை நிற்பீர்கள். வீட்டில் இருப்பது படுத்த படுக்கையான கிழவராக இருந்தாலும் அவர் வாயிலிருந்து அது வந்த பிறகுதான் நகர்வீர்கள். பாதி ஊருக்குக்கூட உங்களால் போய்ச் சேர முடியாது. ஆனால் போன ஊரில் உங்களைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆள் இருக்காது.

ஓட்டுப்பதிவுக்குக் கொஞ்ச நாளே இருந்தபோது என் அப்பா போய்விட்டார்.

நான் ராசிபுரம் பக்கம் ஜீப்பில் நின்றுகொண்டிருந்தேன். போன் வந்ததும் இறங்கி ஓடி வந்தேன். அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். சென்னையிலிருந்து என் தொகுதிக்கென்று அனுப்பியிருந்த பொறுப்பாளர் என் தோளில் கை போட்டுத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், "வருத்தமாத்தான் இருக்கு தலைவரே. ஆனா அனுதாப ஓட்டு நல்லா விழும், பாருங்க" என்றார். அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். கையில் அப்பாவுக்குப் போட வேண்டிய மாலை இருந்தது. பக்கத்தில் இருந்தவர்களோ எந்தெந்த ஊரில் எவ்வளவு ஓட்டுக் கூடும் என்று மெல்லப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். ஜீப்பையும் கொடியையும் ஊர் எல்லையிலேயே விட்டுவிட்டு, கட்சிக்கரை போட்ட துண்டைக் கழற்றிவிட்டு, தனியாக நடந்து வந்தீர்கள். அப்பாவின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து அழுதீர்கள். நீங்களும் அப்பாவும் மாட்டுச் சந்தைக்கு ஒன்றாகப் போய், விலை படியாமல் திரும்பி வந்த கதைகளெல்லாம் எனக்குத் தெரியும். நீங்கள் அழுததைப் பார்த்துத்தான் எனக்கும் அழுகை வந்தது. அதுவரைக்கும் வரவில்லை.

பிறகு எழுந்தீர்கள். என் அம்மா முன்னால் வந்து நின்றீர்கள். அத்தனை நாள் அத்தனை வாசலில் சொன்ன வாய். கை தன்னால் குவிந்தது.

"போயிட்டு வாரேனுங்க அக்கா. மறந்துறாதீங்க."

ஒப்பாரி நின்றுபோனது. எழவு வீட்டுக்கு வந்தவன் சொல்லாமல் எழுந்து போக வேண்டும். 'வாரேன்' என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தமாகிவிடும். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அதோடு 'மறந்துறாதீங்க' வேறு! யாரோ ஒரு பெரியம்மா, "அட கெரகமே, என்னங்க இது!" என்றாள். உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் வெறுங்காலோடு வெயிலில் நடந்து போனீர்கள். அம்மா உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஆள் ஒருவன் அதைப் போனில் பிடித்திருந்தான். பொறுப்பாளர் அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். "இது ஒண்ணு போதும் தலைவரே, பிணத்துக்கிட்டயும் ஓட்டுக் கேட்ட ஆளுன்னு போட்டு விட்டா முடிஞ்சுது கதை." நான் போனைப் பிடுங்கி அழித்தேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் மாமா. அந்தப் படத்தில் என் அப்பா படுத்திருந்தார். அவரை ஊர் ஊராக அனுப்ப எனக்கு மனசில்லை. அழித்து என்ன பிரயோஜனம்? சாயங்காலத்துக்குள் வாய்வழியாகவே ஊரெல்லாம் பரவிவிட்டது.

ஓட்டுப்பதிவு அன்றைக்கு, அப்பாவுக்காக அடித்த மொட்டைத் தலையோடு நானே காரை ஓட்டி, அம்மாவை வாக்குச்சாவடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஓட்டு எண்ணினார்கள். நீங்களும் ஜெயிக்கவில்லை, நானும் ஜெயிக்கவில்லை. நாம் இரண்டு பேரும் கணக்கிலேயே எடுக்காத மூன்றாவது ஆள் ஜெயித்துவிட்டார். எண்ணிக்கை மையத்துக்கு வெளியே உங்களைப் பார்த்தபோது நான் பேச்சுக் கொடுத்தேன். "விடுங்க மாமா, டெல்லிக் குளுரு நம்ம ரெண்டு பேருத்துக்கும் ஒத்துக்காது." நீங்கள் சிரிக்கவில்லை. "அக்கா எப்படி இருக்கறாங்க மாப்ள?" என்று மட்டும் கேட்டீர்கள்.

உங்கள் பயம் எனக்கு அப்போது விளங்கவில்லை. அடுத்த மாதம் அம்மாவுக்கு மூச்சுத் திணறி, சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் விளங்கியது. மருந்து வாங்கக் கீழே இறங்கினேன். வண்டி நிறுத்துகிற இடத்தில், வேப்பமரத்தடியில், ஒரு சிமெண்டுக் கட்டையில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். காலையிலிருந்தே இருக்கிறீர்களாம். மேலே வரமாட்டேன் என்றீர்கள்.

"நான் வாய வெச்சுட்டேன் மாப்ள. என்ற வாய்தான். அக்காளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது என்னாலதான்."

"மாமா, எம்.எல்.ஏ.வா இருந்த மனுசன் பேசற பேச்சா இது?"

"எம்.எல்.ஏ.ன்னா பயம் வராதா?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உங்களைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. உங்கள் மூஞ்சியைப் பார்த்ததும் அது போய்விட்டது. மாடிக்கு ஓடுவதும், கீழே வந்து "இப்பத் தேவலை மாமா" என்று சொல்வதுமாக அன்றைக்கு எனக்கு இரண்டு நோயாளி. அம்மா பிழைத்து எழுந்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று என் சம்சாரத்தோடு சண்டை போட்டாள். உங்களுக்குப் போன் பண்ணி அதைச் சொன்னேன். மறுமுனையில் நீங்கள் அழுகிற சத்தம் கேட்டது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஐந்து வருஷம் கழித்து உங்களை மூன்றாவது தடவை நிறுத்தினார்கள். என் கட்சி என்னை விட்டுவிட்டு வேறு ஆளைப் போட்டது. அதனால் எனக்குக் கொஞ்சம் ஓய்வு. அப்போதுதான் காதில் விழ ஆரம்பித்தது. "பெரியவரு முன்ன மாதிரி இல்லீங்க. வந்தாரு, கேட்டாரு, சொல்லாம கொள்ளாம திரும்பிட்டுப் போயிட்டாரு." திருச்செங்கோட்டில் தறிக்காரர் ஒருவர் என்னிடமே சொன்னார், "மருவாதி தெரிஞ்ச மனுசன்னுதான் அவருக்குப் போடறது. அதுவும் இல்லைன்னா எதுக்குப் போடோணும்?"

நான் நம்பவில்லை. அத்தைக்குப் போன் பண்ணினேன். அத்தை சொன்னார்: "ஊட்லயே சொல்றதில்ல சாமி. எந்திரிச்சு அப்படியே போயிர்றாரு. எங்க போறாரு, எப்ப வருவாருன்னு ஒண்ணுந் தெரியாது. அந்த எழவுலருந்தே இப்படித்தான். வாயத் தொறக்கறாரு, பொறவு மூடிக்கறாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து வருஷம்! உங்களிடம் இருந்ததே அந்த ஒரு வார்த்தைதான் மாமா. அதை வைத்துத்தான் நீங்கள் வார்டு உறுப்பினரிலிருந்து அவ்வளவு தூரம் வந்தீர்கள். அதையும் எங்கள் வீட்டில் தொலைத்துவிட்டு, வெறும் ஆளாகத் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். ஓட்டுப் போனால் போகிறது. கட்டின பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போக முடியாத மனுஷன் என்ன மனுஷன்?

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. "அஞ்சு வருசமா அத மனசுல வெச்சுட்டா சுத்தறான்? கூறுகெட்டவன்" என்றாள். உருவின கீரையை முறத்தில் போட்டுவிட்டு, "என்ற ஓட்டு வேணும்னா ஊட்டுக்கு வந்து கேக்கச் சொல்லு அவன" என்றாள்.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் எங்கள் கட்சிக் கொடி பறக்கிறது. அந்த வீட்டு வாசலில் உங்கள் ஜீப் வந்து நின்றது. தெருவே வேடிக்கை பார்த்தது. எங்கள் ஒன்றியச் செயலாளர் எனக்கு மூன்று தடவை போன் பண்ணினார், நான் எடுக்கவில்லை. நீங்கள் உள்ளே வந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்து, தலையைக் குனிந்துகொண்டே ஓட்டுக் கேட்டீர்கள். பிறகு எழுந்தீர்கள். கும்பிட்டீர்கள். வாய் திறந்தது, மூடியது. திரும்பி நடந்தீர்கள்.

அம்மா உங்களுக்கு முன்னால் போய் கேட்டை மறித்து நின்றுகொண்டாள்.

"சொல்லீட்டுப் போ."

"அக்கா, வேண்டாமுங்க."

"என்னடா வேண்டாம்? உன்ற மச்சான் எழவுல வந்து சொன்ன. நான் என்ன, செத்தா போயிட்டேன்? ஆசுபத்திரிக்குப் போனேன், வந்தேன். கல்லாட்டம் நிக்கறேன் பாரு. நீ வாரேன்னு சொன்னா நீதான் வருவ, வேற எவன் வருவான்? சொல்லு."

நீங்கள் நின்றீர்கள். உங்கள் ஆட்கள், எங்கள் ஆட்கள், எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்த பெண், எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

"போயிட்டு... போயிட்டு வாரேனுங்க அக்கா."

"செரி சாமி. போயிட்டு வா. அடுத்த வாரம் வா, பணியாரம் ஊத்தறேன்."

கேட்டைத் திறந்துவிட்டாள். அதற்குப் பிறகு நீங்கள் பண்ணின கூத்துதான் பெரிய கூத்து. அடுத்த தெருவுக்குப் போக வேண்டிய ஜீப்பைத் திருப்பச் சொல்லி, காலையிலிருந்து சொல்லாமல் வந்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மறுபடி இறங்கி, "போயிட்டு வாரேனுங்க, போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிக்கொண்டே போனீர்கள். மைக் இல்லாமலே தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அன்றைக்கு மூன்று ஊர் பாக்கி விழுந்துவிட்டது என்று உங்கள் ஆட்கள் புலம்பினார்கள். அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இப்பத்தான் இவன் இவனாட்டம் இருக்கறான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தத் தடவையும் நீங்கள் தோற்றீர்கள். ஆனால் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. அதற்குப் பிறகு யார் எவ்வளவு கூப்பிட்டும் நிற்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வருவீர்கள், அம்மாவோடு ஊர் நியாயம் பேசுவீர்கள், சொல்லிவிட்டுப் போவீர்கள். போன வருஷம் ஒரு நாள் காலையில் காட்டுக்குத் தண்ணி கட்டப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டீர்கள். அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறீர்கள். அதை அத்தை வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார். அந்த ஒரு ஆறுதல் அவருக்குக் கிடைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். உங்கள் கால்மாட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்தோம், வந்தோம். கார் ஊரைத் தாண்டின பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது.

"நல்ல மனுசன். நானும் ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன். ஜெயிக்கவே இல்லையே."

"என்னம்மா, ரெண்டு தடவயா? கேட்டுல நின்னு சொல்லச் சொன்னயே, அந்தத் தடவ போட்டிருப்ப. இன்னொண்ணு எப்போ?"

"நீ நின்னயே, அப்பத்தான்."

நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். என்னால் ஓட்ட முடியவில்லை.

"உங்கப்பன் கெடந்தப்போ உன்ற ஆளுக எத்தன ஓட்டு வரும்னு பேசிட்டிருந்தாங்க. எனக்குக் காது கேக்காதா? அவன் ஒருத்தன்தான் உங்கப்பனுக்காக அழுதான். நீயே அவன் அழுததப் பாத்துத்தான அழுத?" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய எடு, வெயிலடிக்குது" என்றாள்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. பெற்ற மகன் நிற்கிறான், நானே கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிடுகிறேன், இவள் போய் எதிராளிக்குக் குத்திவிட்டு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருக்கிறாள்! பிறகு சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன். அப்பா போனதிலிருந்து நான் அப்படிச் சிரித்ததில்லை. அப்பாவைக் கிடத்தியிருந்த அன்றைக்கு அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் சரியாகப் பார்த்த கண் ஒன்று இருந்திருக்கிறது மாமா. அந்த ஓட்டுக்கணக்குப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நான் வாயை மூடி நின்றேனே என்று இத்தனை வருஷமாக உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. அதற்கு என் அம்மா அப்போதே ஒரு பதில் சொல்லிவிட்டாள், அதுவும் எனக்கு எதிராகவே.

இதைக் கட்சியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மானம் போகும். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நான் எதிர்த்து நின்ற அந்தத் தடவை உங்களுக்கு விழுந்த ஓட்டில் எங்கள் வீட்டு ஓட்டு ஒன்று இருந்தது. அதை நான்தான் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.